செல்லும், கூடும், தகுமா?

சில மாதங்களுக்கு முன், ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தபோது, நமக்குப் பல்லாண்டுகளாக அறிமுகமான நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியை நம்முன் வைத்தார். அவருடைய தகப்பனார் ஒரு சிறு பலசரக்குக் கடையின் வருவாயில் மிச்சம் பிடித்து, 2009-ஆம் ஆண்டில் ஹஜ் குழுவின் வழியாக மக்கா சென்று திரும்பியவர், இப்போது வஃபாத்தாகிவிட்டார்.

"வாப்பா போய்வந்த விமானச் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் கொடுத்ததாமே, காக்கா. எனக்கு இப்போதுதான் தெரியவந்தது. வாப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. அவர்களுடைய ஹஜ் கூடியதா?"

மார்க்கச் சட்டத்தின் அளவில் இதற்கு விடை எளிது. வழிச் செலவுக்கும், விட்டுச் செல்லும் குடும்பத்தின் பிழைப்புக்கும் வசதி உடையவர்மீதுதான் ஹஜ் கடமையாகிறது. திருமறையின் மூன்றாம் அத்தியாயத்துத் தொண்ணூற்றேழாம் வசனம் கடமையையும் அதன் நிபந்தனையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எனினும், அவ்வசதி இல்லாத ஒருவர் பிறர் உதவியால் போய்வந்தாலும் அவருடைய பர்ளு நிறைவேறிவிடும் என்பதில், நம் நாட்டில் வழங்கும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டும் ஒன்றுபடுகின்றன. எனவே, "கூடும்" என்றோம்.

நண்பரின் முகம் தெளியவில்லை. "கூடும் என்று ஆலிம்சாவும் சொன்னார்கள். நான் கேட்பது அதையன்று. வேற்று மார்க்கத்தார் கட்டிய வரிப் பணமும் அதில் கலந்திருக்கிறதே, அது தகுமா?"

அன்று நாம் முறையான விடை எதுவும் கூறவில்லை. இதே கேள்வியை, இதற்கு நேர் எதிரான திசையில் நின்றுகொண்டு, வேறொருவர் இந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. பெறுகிறவரின் மகன் பள்ளிவாசல் முற்றத்தில் கேட்டதை, கொடுக்க வேண்டியிருந்தவர் நீதிமன்றத்தில் கேட்டார். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசின் கருவூலத்திலிருந்து ஒரு காசு வெளியே வருவது அவ்வளவு எளிதான செயலன்று. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ தண்டவோ கூடாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 265-ஆவது விதி. அவ்வாறு தண்டிய வரி முழுவதும் 266-ஆவது விதியின்படி 'திரட்டு நிதி' என்னும் ஒரே குளத்தில் போய் விழுகிறது. உப்பு விற்றவனின் வரியும் ஊர் ஆள்பவனின் வரியும் அங்கே கலந்துவிடும். பிறகு எந்தத் துளி எவருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அக்குளத்திலிருந்து நீர் இறைக்க வேண்டுமானால், மானியக் கோரிக்கைகள் மக்களவையின் வாக்கைப் பெற்று, 114-ஆவது விதி கூறும் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறியாக வேண்டும். மன்னர் தம் விருப்பப்படி வாரி வழங்கிய காலம் போய், மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதலின்றி ஒரு காசும் அசையக் கூடாது என்னும் காலம் வந்ததற்கு இந்த ஏற்பாடே அடையாளம். வேறு பல நாடுகளில் இதற்காகப் பெரும் போராட்டங்களே நடந்திருக்கின்றன.

ஆனால், இவ்வாறு இறைக்கும் நீரை எந்த வயலுக்குப் பாய்ச்சலாம் என்பதில் அரசியல் சட்டம் மிகத் தாராளமாக நடந்துகொள்கிறது. 282-ஆவது விதி, 'பொதுநோக்கம்' எதற்காகவும் மத்திய அரசோ மாநில அரசோ மானியம் அளிக்கலாம் என்கிறது. அந்நோக்கம் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் அவ்வரசுக்கு இல்லாவிட்டாலும் தடையில்லையாம். நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கில், 2010-ஆம் ஆண்டு ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் இவ்விதியைக் கொண்டே அத்திட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கைகளில் வாக்களித்துப் பின்னர் நம் தமிழகத்தில் வழங்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர் முதலியவை குறித்த வழக்கிலும் 2013-இல் அரசின் கையே ஓங்கியது. அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் பொருட்டு 2022-இல் அவ்விவகாரம் பேராயத்துக்கு அனுப்பப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செலவு அறிவுடையதா, பயனுடையதா என்று எடைபோடுவது தம் வேலையன்று என்பதே நீதிமன்றங்கள் பொதுவாக மேற்கொள்ளும் நிலை.

இத்தாராளத்துக்கு ஓர் எல்லைக் கல்லாக நடப்பட்டிருப்பது 27-ஆவது விதி. ஏதேனும் ஒரு குறிப்பிட்ட சமயத்தையோ சமயப் பிரிவையோ வளர்க்கவும் பேணவும் ஆகும் செலவுக்கென்றே ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதன் கருத்து. சிறுபான்மையினராகிய நமக்கு இவ்விதியைப் போல் அருமையான அரண் வேறில்லை. நம் உழைப்பின் ஒரு பகுதியைப் பிடுங்கி நம் நம்பிக்கைக்கு மாறான ஒன்றை வளர்க்க அரசுக்கு அதிகாரமில்லை என்ற உறுதிமொழி அது. அதே அரண் நமக்கு எதிராகவும் நிற்கக்கூடும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

பாரதீய ஜனதாக் கட்சியைச் சேர்ந்தவரும் மாநிலங்களவையின் முன்னாள் உறுப்பினருமான பிரஃபுல் கொராடியா அதைத்தான் நினைவூட்டினார். தாம் ஓர் இந்து. நேர்முக வரியும் மறைமுக வரியும் செலுத்துகிறவர். அவ்வரியின் ஒரு பகுதி, முஸ்லிம்கள் மட்டுமே மேற்கொள்ளும் ஹஜ் யாத்திரைக்குப் போகிறது. ஆதலால் 1959-ஆம் ஆண்டு ஹஜ் குழுச் சட்டம் 14, 15, 27 ஆகிய விதிகளுக்கு முரணானது என்பது அவருடைய வழக்கு. இதைக் கேள்வியுற்றபோது நம்மவரிற் பலர், வழக்குத் தொடுத்தவர் எந்தக் கட்சியினர் என்று பார்த்தார்களே ஒழிய, அவர் என்ன கேட்கிறார் என்று பார்க்கவில்லை. கேட்பவர் நெஞ்சில் என்ன இருந்தாலும் கேள்வி கேள்விதான். எதிரியானாலும் அவன் வாயில் உண்மை இருந்தால் அதற்குச் சாட்சி சொல்லக் கடமைப்பட்ட சமுதாயம் நாம்.

2011 ஜனவரி 28-ஆம் நாள் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தனர். அத்தீர்ப்பின் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாட்டில் தண்டப்படும் வருமான வரியிலோ சுங்க வரியிலோ மற்றெந்த வரியிலோ ஒரு கணிசமான பங்கு, எடுத்துக்காட்டாக நூற்றுக்கு இருபத்தைந்து, ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்க்கச் செலவாகுமானால் 27-ஆவது விதி மீறப்பட்டதாகும். ஒப்புநோக்கில் ஒரு சிறு பங்கு மட்டும் ஒரு சமயத்தாருக்குச் சில வசதிகளோ சலுகைகளோ செய்து தரப் பயன்படுமானால் அது மீறலாகாது என்றனர். கும்பமேளாவுக்கும் மானசரோவர் யாத்திரைக்கும் அரசுகள் செலவிடுவதையும் எடுத்துக் காட்டினர். ஆகவே மானியம் சட்டப்படி செல்லும் என்பது முடிவு.

முடிவு நமக்குச் சாதகமாயிற்று. ஆயினும் அதன் அடிப்படை நம்மை உறுத்துகிறது. சிறு பங்கு என்பதால் தவறில்லை என்னும் அளவுகோலை நாம் ஏற்பதா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1785-ஆம் ஆண்டில், கிறிஸ்தவ போதகர்களுக்கு ஊதியம் அளிப்பதற்காக ஒரு வரி விதிக்க முயன்றார்கள். பின்னாளில் அந்நாட்டின் அதிபரான ஜேம்ஸ் மாடிசன் அதை எதிர்த்து எழுதிய விண்ணப்பத்தில், ஒரு சமய அமைப்புக்காக ஒருவனிடம் மூன்றே பென்ஸ் காசுகளை வற்புறுத்தி வாங்கும் அதிகாரம் ஒன்று இருக்குமானால், அதே அதிகாரம் நாளை எதற்கும் அவனை வற்புறுத்தும் என்ற கருத்தை முன்வைத்தார். அவர் நோக்கில் தொகை பொருட்டன்று, வற்புறுத்தலே பொருட்டு. அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் 1923-இல் வேறு விதமாகப் பேசியது. தாய்சேய் நலத்துக்கான ஒரு சட்டத்தை எதிர்த்து வரி செலுத்தும் பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கில், பல கோடிப் பேர் வரியிடையே ஒருவருடைய பங்கு கணக்கிட இயலாத அளவு நுண்ணியது, ஆகவே அவர் வழக்காட முடியாது என்று கூறி அனுப்பிவிட்டது. அரசின் பணம் சமயத்துக்குப் போகிறது என்னும் முறையீட்டுக்கு மட்டும் 1968-இல் அக்கதவைச் சற்றே திறந்தது. காசு சிறியதாயினும் மனச்சாட்சிக்கு அது சிறிதன்று என்பதை அந்நாட்டு நீதிமன்றமும் காலம் கடந்தேனும் உணர்ந்ததாகவே நாம் கொள்கிறோம்.

இனி நம் மரபைப் பார்ப்போம். கைபர் போரினின்று திரும்பும் வழியில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பணியாள் ஒருவர் அம்பு பாய்ந்து இறந்தார். அவருக்குச் சுவனம் கிட்டிற்று என்று தோழர்கள் மகிழ்ந்தபோது, நபியவர்கள் அதை மறுத்தார்கள். போரில் கிடைத்த பொதுப்பொருள் பங்கிடப்படுமுன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை, நெருப்பாகி அவர்மீது எரிகிறது என்றார்கள். அதைக் கேட்ட ஒருவர் பதறி ஓடி, ஒரு செருப்பு வாரையோ இரண்டு வார்களையோ கொண்டுவந்து வைத்தார். அதுவும் நெருப்பாலான வார்தான் என்றார்கள் நபியவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. கைபரின் செல்வக் குவியலில் ஒரு செருப்பு வார் நூற்றுக்கு எத்தனை பங்கு? கட்ஜு அவர்களின் அளவுகோலை அங்கே கொண்டுபோக முடியுமா?

முடியாது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் நமக்கு மனமில்லை. ஏனெனில் செருப்பு வாரை எடுத்தவர் எவரும் கொடுக்காமலே எடுத்தார். ஹஜ் மானியமோ நாடாளுமன்றம் வாக்களித்து, சட்டப்படி கொடுத்தது. முன்னது களவு, பின்னது கொடை. இவ்வேற்றுமையைக் குழப்பி, மானியம் பெற்ற ஹாஜிகள் அனைவரையும் குற்றவாளிகளாக்குவது அநீதியாகும். அன்றியும், நீதிபதியின் இடத்தில் நின்று பார்த்தால் அளவுகோல் ஏதேனும் ஒன்று வேண்டியே இருக்கிறது. பள்ளிவாசலில் தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி வருகிறது. கந்தூரிக்கும் தேரோட்டத்துக்கும் காவலர் நிற்கின்றனர். யாத்திரிகர் கூடும் இடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் அமைக்காவிடில் கொள்ளை நோய் வரும். இவை அனைத்திலும் ஒருவர் வரி மற்றவர் சமயத்துக்கு ஒருவகையில் பயன்படத்தான் செய்கிறது. ஒரு காசும் கூடாது என்று தொடங்கினால் அரசே நடவாது. ஆதலால் சிறிது, பெரிது என்று பார்ப்பது அரசுக்குத் தவிர்க்க முடியாத நீதி. பெறுகிறவனுக்கு அதே அளவுகோலை நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. சட்டம் எழுப்பும் வினா, கொடுக்கலாமா என்பது. வாங்கலாமா என்ற வினாவை அது எழுப்புவதே இல்லை. எழுப்ப அதற்கு அதிகாரமும் இல்லை. அவ்வினா நம்முடையது.

இந்த இடத்தில் நம் வாசகர் ஒருவர் எழுந்து, "அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லையா?" என்று கேட்கக்கூடும். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். அரசியல் சட்டத்தின் 290-ஏ என்னும் விதியை நம்மிற் பலர் படித்திருக்க மாட்டார்கள். 1956-ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட விதி அது. கேரளத்தின் திரட்டு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கும், நம் தமிழ்நாட்டின் திரட்டு நிதியிலிருந்து 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம்மோடு இணைந்த பகுதிகளிலுள்ள கோயில்களைப் பேணவும் அளிக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. இதற்குச் சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கூடத் தேவையில்லை. நிதியின்மீது நேரே சுமத்தப்பட்ட செலவு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில்களுக்குத் திருநெல்வேலி முஸ்லிமின் வரியும், குளச்சல் கிறிஸ்தவரின் வரியும் ஒரு துளி போகிறது என்றே பொருள்.

இதைக் கண்டு சினப்படுவதற்குமுன் அதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ திருவிதாங்கூரின் திவானாக இருந்தபோது, கோயில்களின் நிலங்களை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. நிலத்தின் வருவாய் அரசுக்குப் போயிற்று. கோயில் செலவை அரசு ஏற்றது. இந்த ஆண்டுத் தொகை அப்பழைய கொடுக்கல் வாங்கலின் எச்சம் என்பர். அவ்வாறானால் இது கொடையன்று, கடன். நிலத்தை எடுத்துக்கொண்டவன் அதற்கு ஈடாக ஒரு தொகை கொடுப்பதைச் சமயத்தை வளர்ப்பதாகச் சொல்ல முடியாது. கணக்கை இன்று வரை நீட்டிக்கலாமா, ஒருநாள் முடித்துக் கட்ட வேண்டாமா என்பது வேறு விவாதம்; அதில் நாம் புக விரும்பவில்லை.

கடனா, கொடையா என்னும் இவ்வேற்றுமை நம் கேள்விக்கும் ஒரு கதவைத் திறக்கிறது. ஹஜ் மானியம் இவ்விரண்டில் எது?

முன்னாளில் நம் பெரியவர்கள் பம்பாய்க்கு ரயிலேறி, அங்கே நாட்கணக்கில் காத்திருந்து, ஜித்தாவுக்குக் கப்பலேறினார்கள். கடல் வழி மெல்ல மெல்லச் சுருங்கி, 1995-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கப்பலில் போயிருக்கக் கூடிய ஏழையை விமானத்தில் ஏற்றியபோது, இரண்டு கட்டணங்களுக்கும் இடையே இருந்த வேற்றுமையை அரசு ஏற்றுக்கொண்டதே இம்மானியத்தின் தொடக்கம் எனக் கூறுவர். அதன்பின், குழுவின் வழிச் செல்பவர் இன்ன விமானத்தில்தான் போக வேண்டும், இன்ன நாளில்தான் திரும்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் அரசே வகுத்தது. மலிவான சீட்டைத் தேடிப் போகும் உரிமை ஹாஜிக்கு இல்லை. மானியத் தொகையும் ஹாஜியின் கைக்கு வந்ததில்லை. விமான நிறுவனத்துக்கே போயிற்று. ஒருவனுடைய பழைய பாதையை அடைத்து, விலை உயர்ந்த புதிய பாதையில் ஏற்றிவிட்டு, வேற்றுமையைத் தானே செலுத்துகிறவனைக் கொடையாளி என்பதா? இப்படிப் பார்த்தால் அதில் கடனின் சாயல் ஓரளவு தெரிகிறது. நண்பரின் தகப்பனாருக்காக இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

ஆயினும், அத்துணையும் கடன் என்று சொல்ல நம் நா எழவில்லை. 1994-இல் 10 கோடியே 51 லட்சம் ரூபாயாக இருந்த மானியம் 2011-இல் 685 கோடியாக உயர்ந்தது. குழுவின் வழியே போகிறவர் தொகை 21,035-லிருந்து 1,25,000 ஆகப் பெருகியது. வகுத்துப் பார்த்தால், தலைக்கு ஏறத்தாழ ஐந்தாயிரமாக இருந்தது ஐம்பத்து நான்காயிரத்துச் சொச்சமாயிற்று. கடை வைத்திருப்பவருக்கும், அதே கடைக்கு எதிரே மூன்று மாடி வீடு வைத்திருப்பவருக்கும் இத்தொகை ஒன்றே. ஐந்தாண்டு கழித்து மீண்டும் போனவருக்கும் மறுக்கப்படவில்லை. வசதி உள்ளவர்க்கே கடமை என்று இறைவன் எளிதாக்கி வைத்ததை, வசதி உள்ளவரும் அரசின் செலவில் நிறைவேற்றிக்கொள்ளும் ஏற்பாடாக நாம் மாற்றிவிட்டோம். இதை நாம் கேட்டுப் பெற்றோமா, அவர்களாகவே வாக்குக்காகக் கொடுத்தார்களா என்பது வேறு. கொடுத்தபோது வேண்டாம் என்றவர் சிலரே. நாடாளுமன்றத்துக்குள்ளும் வெளியிலும் முஸ்லிம் தலைவர் சிலர் இம்மானியம் ஒழியட்டும் என்று பலமுறை சொன்னார்கள். அவர்களைச் சமுதாயத் துரோகிகள்போல் பார்த்தவர்களும் நம்மிடையே உண்டு.

ஃபிக்ஹு நூல்களில் 'மின்னத்' என்றொரு சொல் வரும். பிறர் செய்த உதவியால் நம்மேல் ஏறும் நன்றிச் சுமை என்று அதற்குப் பொருள் கூறலாம். ஒருவர் உமக்கு ஹஜ்ஜுக்கான பணத்தை அன்பளிப்பாகத் தர முன்வந்தாலும், அதை ஏற்றே ஆகவேண்டும் என்னும் கடமை உமக்கில்லை, ஏற்காததால் நீர் பாவியாக மாட்டீர் என்பது சட்டம். காரணம் அந்த மின்னத். இறைவனுக்கான கடமையை நிறைவேற்ற ஓர் அடியான் மற்றோர் அடியானுக்குத் தலைகுனிய வேண்டாம் என்று மார்க்கம் அவனுடைய மானத்தைக் காத்திருக்கிறது. அந்த மானத்தைத்தான் நாம் ஆண்டுதோறும் தேர்தல் மேடைகளில் அடகு வைத்தோம். "உங்களுக்கு ஹஜ் மானியம் கொடுக்கிறோமே" என்று ஒரு கட்சி சொல்லிக் காட்டியது. "அவர்களுக்கு ஹஜ் மானியம் கொடுக்கிறார்களே" என்று மற்றொரு கட்சி சொல்லிக் காட்டியது. செய்த நன்மையைச் சொல்லிக் காட்டித் தருமத்தைப் பாழாக்குவது பற்றித் திருமறை எச்சரித்திருப்பது கொடுப்பவர்க்கு. இங்கே கொடுப்பவரும் கொடாதவரும் சேர்ந்தே சொல்லிக் காட்டினர்.

2012 மே 8-ஆம் நாள், தனியார் ஹஜ் பயண நிறுவனங்கள் தொடர்பான ஒரு வழக்கில், நீதிபதி ஆஃப்தாப் ஆலமும் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாயும், மானியத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டுகளுக்குள் முற்றிலும் நிறுத்திவிட வேண்டும் என்று ஆணையிட்டனர். முன்னைய தீர்ப்பு மானியம் செல்லும் என்றிருந்ததை இத்தீர்ப்பு மாற்றிவிடவில்லை. இதில் வேறொன்று நடந்தது. மேலே நாம் குறிப்பிட்ட இறைவசனம் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டப்பட்டது. தம் பயணத்தின் பொருளாதாரம் பெரும்பாலான ஹாஜிகளுக்குத் தெரிந்திராது. தெரிந்தால், அரசின் செலவில் தம் ஹஜ் நடக்கிறது என்பதில் அவர்களிற் பலருக்கு மன நிறைவு இராது என்று நீதிபதிகள் கருதினர். நம் நண்பர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னதும் இதையேதான். 'செல்லும்' என்பதற்கு அப்பால் 'தகுமா' என்று கேட்க வேண்டிய மிம்பர்கள் பெரும்பாலும் மௌனமாயிருக்க, அக்கேள்வி நீதிமன்றத்திலிருந்து எழுந்தது நமக்கு ஒரு தலைக்குனிவே. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்கள் சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசாங்க விளக்கை அணைத்துவிட்ட வரலாற்றை நாம் எத்தனை மீலாது மேடைகளில் கேட்டிருக்கிறோம்! கேட்டு முடித்துவிட்டு, அந்த மேடைக்கு மின்சாரம் எந்தக் கம்பத்திலிருந்து இழுக்கப்பட்டிருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

பொதுப்பணத்தைப் பொறுத்தவரை பெறுகிறவன் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். பைத்துல்மாலுக்கும் தமக்கும் உள்ள உறவு, அநாதையின் சொத்துக்கும் அதன் காப்பாளனுக்கும் உள்ள உறவுதான் என்றார்கள். அக்காப்பாளனைப் பற்றித் திருமறை கூறுவது என்ன? வசதியுள்ளவன் ஒதுங்கிக்கொள்ளட்டும், இல்லாதவன் முறையான அளவில் உண்ணட்டும். எல்லாருக்கும் ஒன்று என்னும் மானியத்தில் இவ்விரண்டு வாசகங்களுக்கும் இடமில்லாது போயிற்று. வறியவருக்கு மட்டும், வாழ்நாளில் ஒரு முறைக்கு மட்டும், முறையான அளவில் என்று நாமே முன்வந்து எல்லை கட்டியிருப்போமானால், கொராடியாவின் கேள்விக்கு நாம் நிமிர்ந்து நின்று விடை சொல்லியிருக்கலாம். ஐந்தாண்டுக்கொருமுறை என்றிருந்தது வாழ்நாளில் ஒருமுறை என்று மாறியதும் நீதிமன்றத்தின் பார்வை விழுந்த பிறகே.

2018 ஜனவரியில் மத்திய அரசு மானியத்தை முற்றிலும் நிறுத்தியது. நீதிமன்றம் தந்த கெடுவுக்கு நான்காண்டுகள் முன்னதாகவே இது நிகழ்ந்தது. அவ்வாண்டு இந்தியாவிலிருந்து 1,75,000 பேர் மானியம் இல்லாமலே ஹஜ்ஜுக்குப் போவர் என்று சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் அறிவித்தார். மிச்சமாகும் பணம் சிறுபான்மைச் சமுதாயத்துப் பெண்களின் கல்விக்குப் பயன்படும் என்றும் சொன்னார். 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அப்பணம் கல்விக்கும் சமூக முன்னேற்றத்துக்கும் செலவானால் நன்று என்றே கருதியிருந்தது.

செலவுச் சட்டங்களின் இயல்பை நாம் நன்கு அறியும் இடம் இதுதான். ஒரு செலவு செல்லாது என்று நீதிமன்றம் தடுக்கலாம்; குறைக்கச் சொல்லலாம். தடுத்த நீரை இன்ன வயலுக்குத்தான் விட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அரிது. மடை நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. மிச்சமான பணம் ஹஜ் என்ற பெயர் நீங்கியதும் குளத்து நீரோடு நீராகிவிட்டது. அதற்கெனத் தனிக் கணக்கு கிடையாது. 2022 டிசம்பரில், சிறுபான்மை மாணவர் ஆய்வுப் படிப்புக்கென இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை நிறுத்தப்படுவதாக அரசு அறிவித்தது. வேறு திட்டங்கள் இருக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஹஜ்ஜுக்கு வேண்டாம், படிப்புக்குத் தாருங்கள் என்று கேட்டவர்கள் நாம். முதற் பாதியை அரசு காலத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டது.

மத்திய அரசு நிறுத்திய அதே 2018-இல் நம் தமிழக அரசு தன் சார்பில் ஹஜ் பயணிகளுக்கு மானியம் அறிவித்தது. ஜெருசலேம் செல்லும் கிறிஸ்தவர்களுக்கும் மானசரோவர் செல்லும் இந்துக்களுக்கும் அதற்கு முன்பே உதவி அறிவிக்கப்பட்டிருந்தது. எல்லாச் சமயத்தார்க்கும் கொடுப்பதால் 27-ஆவது விதியின் குறை நீங்குகிறது என்று வாதிடுவோர் உளர். 'ஒரு குறிப்பிட்ட சமயம்' என்னும் சொற்கள் அவ்வாதத்துக்கு இடந்தருகின்றன என்பதும் உண்மை. எச்சமயமும் சாராதவர் அப்போது எங்கே நிற்பார் என்று மட்டும் நமக்குத் தோன்றுகிறது. அவருடைய வரியும் அக்குளத்தில்தானே இருக்கிறது?

இவற்றையெல்லாம் நம் நண்பரிடம் பின்னொரு நாள் மாலை விரிவாகப் பேசினோம். தகப்பனார் அறியாமல் பெற்றது அவர்மீது குற்றமாகாது என்றோம். அவர் போன வழியை வகுத்தது அரசுதான் என்றும் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அந்த ஆண்டில் தலைக்கு எவ்வளவு மானியம் என்று துல்லியமாகத் தெரிந்தால் திருப்பிக் கட்டிவிடலாமா என்று கேட்டார். சட்டப்படி அது கடனன்று. திருப்பிக் கேட்பாரும் இல்லை. கட்டினாலும் அதே குளத்தில்தான் போய் விழும் என்றோம். அப்படியானால் ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்துவிடலாமா, அந்தப் பிள்ளை நம் சமுதாயத்துப் பிள்ளையாக இருக்க வேண்டுமா, வேண்டாமா என்றார். வரி கட்டியவர்கள் எல்லாரும்தானே என்று அவரே மெல்லச் சொல்லிக்கொண்டார்.

தகப்பனார் குழுவுக்குக் கட்டிய பணத்தின் ரசீதுகளை அவர் இன்னும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அவற்றை எடுத்துக் காட்டினார். அரசு கட்டிய தொகை அவற்றில் எதிலும் குறிக்கப்பட்டிருக்கவில்லை.